என் முறையில் வந்த சிக்னல்

அந்தச் சிக்னலைக் கேட்டது நான் இல்லை. கோதண்டம்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் நிலையத்தில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் பலருக்கு நான்தான் கேட்டேன் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. என் பணி ஓய்வு விழாவில் ஒரு பெண் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "கல்வராயன் மலையில் வானத்திலிருந்து வந்த ஒலியைத் தன் காதால் கேட்ட வசந்தா மேடம்" என்று பேசினாள். எல்லாரும் கை தட்டினார்கள். எழுந்து போய்த் திருத்தியிருக்கலாம். கழுத்தில் மாலையும் கையில் தட்டுமாக உட்கார்த்தி வைத்திருந்தார்கள், முடியவில்லை. வீட்டுக்கு வந்து இத்தனை நாள் ஆன பிறகும் மனசு ஆறாததால் எழுதுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு சிக்னல் வந்தால் அது நிஜமா, பக்கத்து ஊர் இரைச்சலா என்று சோதிப்பதை இப்போது கம்ப்யூட்டரே செய்துவிடுகிறது. எங்கள் காலத்தில் அதற்கு ஒரு ஆள் வேண்டும். அதிலும் வயிற்றெரிச்சல் பிடித்த ஆளாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார் எங்கள் சார். அந்த வேலையைப் பல வருஷம் செய்தவள் நான். கம்ப்யூட்டருக்கு எல்லாம் இருக்கிறது, பொறாமை கிடையாது. அது எப்படிச் சரியாகச் சோதிக்கும் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

எனக்குச் சொந்த ஊர் நைனார்பாளையம். வீட்டில் மரவள்ளியும் கரும்பும் போடுவார்கள். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். வகுப்பில் பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். படிப்பு முடிந்து சின்னசேலத்தில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் உட்கார்ந்திருந்தேன். பெட்டியைக் கொண்டுவருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, "கடைக்காரர் இல்லியாமா?" என்பார்கள். அந்தச் சலிப்பில் இருந்தபோதுதான் மலை மேல் ஒரு வானொலி ஆய்வு நிலையத்துக்குத் தற்காலிக உதவியாளர்கள் இரண்டு பேர் வேண்டும் என்ற விளம்பரம் வந்தது. ஒருத்தி நான். இன்னொருவன் களமருதூர் கோதண்டம்.

நிலையம் வெள்ளிமலையிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு பள்ளத்தில் இருந்தது. சுற்றிலும் மலை நிற்பதால் கீழே ஊர்களில் உண்டாகும் மின் இரைச்சல் அவ்வளவாக ஏறி வராது. சாமைக் கொல்லைகளுக்கு நடுவே இரும்புச் சட்டம் போட்டு, கோழிவலை இழுத்துக் கட்டிய பெரிய வட்டு. நாங்கள் அதைச் சட்டி என்போம். மலைக்காரர்களும் அப்படித்தான் சொன்னார்கள், எங்களைச் சட்டிக்காரர்கள் என்றார்கள். சட்டியைத் தெற்கு வடக்காகச் சாய்க்கலாம், அவ்வளவுதான். மற்றபடி பூமி சுற்றச் சுற்ற வானம் தானாக அதன் மேலே நகர்ந்து போகும்.

அரசாங்கக் காகிதத்தில் நாங்கள் வானத்து ஹைட்ரஜனை அளந்துகொண்டிருந்தோம். நிலையத்துப் பொறுப்பாளர் ஞானமுத்து சார் மிச்ச நேரத்தில் தேடியது வேறு. வேறு உலகத்தில் யாராவது இருந்து, நம்மைப் போல ரேடியோ அலை அனுப்பத் தெரிந்தவர்களாகவும் இருந்தால், அது இங்கே வந்து விழுகிறதா என்று பார்ப்பது. இயற்கையாக வருகிற அலை தூறல் போலப் பரவலாக விழும். ஒரே அலைவரிசையில் மெல்லிசாக ஒன்று வந்தால் அதை யாரோ செய்து அனுப்பியிருக்க வேண்டும். அந்த யாரோ பெரும்பாலும் நம் ஊர்க்காரராகத்தான் இருப்பார் என்பது சார் எங்களுக்கு முதல் நாளே சொன்ன பாடம்.

சார் நாகர்கோவில்காரர். ஒல்லியான ஆள். சட்டைப் பையில் எப்போதும் வறுத்த வேர்க்கடலை இருக்கும். சிக்னல் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து வரவழைக்க முடியாது, அதற்கு அவர் வைத்திருந்த பெயர் சந்தேகம். தினமும் மத்தியானம் சாப்பாடு முடிந்து வந்து, "இன்னைக்குச் சந்தேகம் ஏதும் உண்டா?" என்று கேட்பார். இல்லை என்றால் நிம்மதியாகக் கடலை உரிப்பார். உண்டு என்றால் உரித்த கடலையை அப்படியே பையில் போட்டுவிட்டு எழுந்து நிற்பார். பதிவுக் கருவியின் பேனா ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் சட்டியைக் கொஞ்சம் சாய்க்க வேண்டும். வானத்திலிருந்து வருவது என்றால் சாய்த்ததும் மறைந்து, நிமிர்த்தியதும் திரும்பி வர வேண்டும். எப்படிச் சாய்த்தாலும் கேட்டால் அது தரையிலிருந்து வருகிற சமாச்சாரம். அடுத்து, கருவியே தனக்குத் தானே முனகுகிறதா என்று பார்க்கச் சட்டியிலிருந்து வரும் ஒயரைக் கழற்றிவிட்டுக் கேட்க வேண்டும். மூன்றாவது, மறுநாள் அதே இடத்துக்காகக் காத்திருப்பது. நட்சத்திரம் எதுவும் தினமும் நாலு நிமிஷம் முன்னதாக வந்துவிடும். மனுஷன் போடுகிற மோட்டாரும் மிஷினும் கடிகாரத்தைப் பார்த்து ஓடுகிறவை, அவை அப்படி முந்தி வராது. கடைசியாக, அது கேட்கிற அதே நேரத்தில் ஒருவர் கையில் சின்ன ஆன்டெனாவோடு வெளியே போய்ச் சுற்றுவட்டாரத்தில் அதைக் கிளப்புகிற கருவி ஏதாவது இருக்கிறதா என்று தேட வேண்டும்.

இதில் சாருடைய கண்டிப்பான விதி ஒன்று. கண்டுபிடித்தவர் வெளியே போய்த் தேடக்கூடாது. நான் கண்டால் கோதண்டம் போவான், அவன் கண்டால் நான் போவேன். ஒரு தடவை நான் ஒரு சந்தேகத்தைக் கண்டுபிடித்துச் சாரிடம் ஓடினேன். கோதண்டம் வெளியே போகவே இல்லை. என் கையைப் பிடித்து அதன் பக்கம் ஆன்டெனாவைத் திருப்பினான். நான் ஆசையாக வாங்கிக் கட்டியிருந்த டிஜிட்டல் வாட்ச்தான் கத்திக்கொண்டிருந்தது. "வசந்தா, ஒன் கையிலியே வேத்துக் கெரகம் இருக்குது" என்று அவன் சிரித்த சிரிப்பில் சமையற்கட்டிலிருந்துகூட ஆள் ஓடிவந்தார்கள்.

கோதண்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவனை வெறுக்க முடியாது, அதுதான் என் கஷ்டம். தாமதமாக வருவான், யாரும் கேட்கமாட்டார்கள். ஷிப்டில் பாட்டுப் பாடுவான், சார் புன்னகை செய்வார். நான் நாள் கணக்காகக் குனிந்து சால்டர் வைத்துச் செய்த ப்ரீஆம்ப் ஒன்றை, அதாவது சட்டியில் விழும் மெல்லிய அலையைப் பெருக்கித் தருகிற பெட்டியை, சென்னையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் பார்த்து மெச்சினார். அப்போது அது கோதண்டத்தின் கையில் இருந்தது. அவனைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அவன் உடனே, "சார், அது வசந்தா பண்ணதுங்க" என்றான். பெரியவர் ஜீப்பில் ஏறிவிட்டார். அவன் பொய் சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

எங்கள் இரண்டு பேரில் ஒருவரை நிரந்தரமாக்கச் சென்னையிலிருந்து அனுமதி வந்திருந்தது. சார்தான் ஒரு பெயரை எழுதி அனுப்ப வேண்டும். யார் பெயரை எழுதுவார் என்று எங்களுக்குத் தெரியாது. எனக்கு அந்த வேலை உயிராக வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் சின்னசேலம் கடை, அல்லது கல்யாணம்.

அது இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்தில் சாலை மறியல் நடந்த வருஷம். சாலை ஓரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. அந்த நாட்களில் துப்பாக்கிச் சூடும் நடந்தது, குடிசைகளும் எரிந்தன. அதையெல்லாம் எழுத வேண்டியவர்கள் எழுதுவார்கள். எனக்கு நேர்ந்ததை மட்டும் சொல்கிறேன்.

மறியலுக்கு முந்தின நாள் நிலையத்தின் டேப் ரெக்கார்டரை ரிப்பேருக்குக் கொடுக்கக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கினேன். மறுநாள் வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம், சாயங்கால ஷிப்டு என் முறை என்று கணக்கு. காலையில் போய்ப் பார்த்தால் கடை ஷட்டர் இறங்கியிருக்கிறது. டேப் ரெக்கார்டர் உள்ளே. கடைக்காரர் எந்தப் பக்கம் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. சித்தி வீட்டில் இருந்துகொண்டு அவரைத் தேடியே அந்த நாள் போயிற்று. அடுத்த நாள் விடிந்ததும் வெறுங்கையோடு சித்தப்பா சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து கச்சிராயபாளையம் வரை வந்துவிட்டேன்.

அங்கே மலைப்பாதைக்கு முன்னால் ஒரு மரம் கிடந்தது. அதன் மேல் உட்கார்ந்திருந்தவர்களில் பெரியப்பா மகன் ஏழுமலை அண்ணனும் ஒருவர்.

"இன்னா வசந்தா, எங்க போறே?"

"வேலைக்குண்ணே. நேத்தே என் டூட்டி போயிடிச்சி."

"ஒருத்திக்கு வேல கெடச்சா போதுமா? நம்ம புள்ளைங்க அத்தினி பேருக்கும் கெடைக்க வாணாமா? அதுக்குத்தான் குந்திக்கினு இருக்கோம்."

"கெடைக்கட்டும்ண்ணே. எனக்குக் கெடச்சது போயிடாம இருக்கணும். வழி வுடு."

"மனுசாள நாங்க நிறுத்தல, வண்டியத்தான் நிறுத்தறோம். நடந்து போ. இந்தா, தண்ணி குடிச்சிட்டுப் போ."

மலைக்காரர்கள் ஏறும் குறுக்குப் பாதையில் ஏறினேன். நிலையத்தை நெருங்கும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. எங்களுக்குச் சமைத்துப் போடுகிற சின்னப்பொண்ணு கொல்லையிலிருந்து என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"வசந்தாம்மா, இம்மாம் லேட்டா வரியே! ஒங்க சட்டிக்கு விருந்தாளி வந்துட்டாங்க."

"யாரு, மெட்ராஸ்லேர்ந்தா?"

"மெட்ராஸா! மேலேர்ந்தும்மா. நேத்தும் வந்துது, இன்னிக்கும் வந்துது. கோதண்டம் தம்பிதான் புடிச்சிது. எனக்குக்கூட காதுல மாட்டி வுட்டுச்சி. தூரத்துல வண்டு ஒண்ணு கத்திக்கினே போற மாதிரி இருந்திச்சி."

நேற்று என் முறை. என் நாற்காலி. உள்ளே ஓடிக்கொண்டிருந்தது நான் செய்த ப்ரீஆம்ப். அதில் வந்ததைச் சமையல்காரம்மா வரைக்கும் கேட்டாயிற்று. நான் மட்டும் பூட்டிக் கிடந்த கடையைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். மலை ஏறி வந்த களைப்பெல்லாம் போய் எனக்கு உடம்பு முழுக்கத் திகுதிகுவென்று எரிந்தது.

கோதண்டம் வாசலிலேயே நின்றான். முகம் முழுக்கப் பல். "வசந்தா! நீ இருந்திருக்கணும். மூணு வாட்டி சாச்சிப் பாத்தேன், மூணு வாட்டியும் போய்ப் போய் வந்துது. இன்னிக்குக் கரெக்டா நாலு நிமிஷம் முன்னாடியே வந்துடிச்சி. ஒன் நாற்காலிதான் ராசி!"

சார் பதிவுத் தாளை என் முன் விரித்தார். பேனா ஓடிய கோட்டில் ஒரு மேடு ஏறி இறங்கியிருந்தது. "கீழ ஒரு வண்டி ஓடல. இவ்வளவு சுத்தமான வானத்த நான் பாத்ததே இல்ல. எப்பவும் இரைச்சலுக்கு அடியில கிடந்ததோ என்னவோ" என்றார். தாளில் பார்த்தேன் என்று பெயர். கல்யாண போட்டோவைப் பார்ப்பதும் கல்யாணத்துக்குப் போவதும் ஒன்றா?

கோதண்டம் வெளியே போனதும் சார் என்னைப் பார்த்தார். "நாளைக்கு நீ ஆன்டெனாவ எடுத்துக்கிட்டு வெளியே போகணும்."

"சார், ஒரு நாள் நானும் கேட்டுட்டு..."

"அது வர்ற நேரத்துலதானே தேட முடியும்? இது பொய்யா இருக்கணும்னு ஆசைப்படற ஆளுதான் எனக்கு வேணும். நீ ஆசைப்படற. முகத்துல எழுதியிருக்கு."

சார் சொன்னது நிஜம். அது பொய்யாக இருந்தால் கோதண்டம் என்னைப் போலவே வெறும் ஆள். நிஜமாக இருந்தால் உலகம் முழுக்க அவன் பெயர் போகும், இந்த வேலை அவனுக்கு ஒரு பொருட்டாகவே இருக்காது, தானாக வந்து மடியில் விழும். பொய்யாக்குவது என்று தீர்மானம் செய்துகொண்டுதான் படுத்தேன்.

மறுநாள் மீன் முள் மாதிரியான ஆன்டெனாவைக் கையில் பிடித்து, பேட்டரி ரிசீவரைத் தோளில் மாட்டி, காதுக் கருவியைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். சார் சொன்ன நேரத்துக்குக் கிழக்குப் பக்கத்து மேட்டில் நின்றேன். நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றினேன். அடுத்த மேட்டுக்கு ஓடி அங்கேயும் சுற்றினேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் வெகுநேரம் என்னைப் பார்த்தார்.

"இன்னாமா தேடறே?"

"ஒரு சத்தம்ண்ணே."

"காத மூடிக்கினு தேடினா எப்பிடிமா கேக்கும்?"

என் காதில் உஸ் என்ற வெறும் காற்றுதான் கேட்டது. அதே நேரத்தில், நான் செய்த ப்ரீஆம்ப் வழியாக, கோதண்டத்தின் காதில் அது போய்க்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது அவன் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. சின்னப்பொண்ணு அவனுக்கு மட்டும் முட்டை வைத்திருந்தாள்.

ஆனால் அன்றைக்கு என் வயிற்றில் பால் வார்த்தவளும் அவள்தான். "ஃபாரஸ்ட் பங்களாவுல போலீசு வந்து மாட்டிக்கினு இருக்காங்கம்மா. சாராயம் புடிக்க வந்தாங்க, மரம் வுழுந்து எறங்க முடியல. பெட்டி ஒண்ண வெச்சிக்கினு அலோ அலோன்னு கத்திக்கினே கெடக்கறாங்க."

போலீஸ் வயர்லெஸ்! அவர்கள் மேலே வந்தது மறியலுக்கு முந்தின நாளாகத்தான் இருக்க வேண்டும். சிக்னல் வந்தது மறுநாள். சாய்த்தால் மறைந்ததையும் நாலு நிமிஷம் முந்தியதையும் தற்செயல் என்று ஒதுக்கிவிட்டேன். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கோதண்டத்தின் வேற்றுக் கிரகவாசி, சாராய ஊறல் பானை தேடி வந்த ஒரு சப்-இன்ஸ்பெக்டர்.

அடுத்த நாள் காலையில் சாரிடம் சொன்னேன். அவர் யோசித்தார். அப்புறம், அந்த மனிதர் ஒருநாளும் செய்யாத ஒன்றைச் செய்தார். "நாளைக்கு மரத்த எல்லாம் எடுத்துருவாங்கன்னு சொல்றாங்க. பிறகு இந்தச் சுத்தம் கிடைக்காது. இன்னைக்கு நீ உக்காந்து கேளு. போலீஸ்கிட்ட கோதண்டம் போகட்டும்."

"விதி, சார்?" என்றேன்.

"விதி நான் போட்டதுதானே?"

கோதண்டமும், "ஆமா வசந்தா, நீ குந்து, நான் போய்க்கினு வரேன்" என்றான். காதுக் கருவியைக் கழற்றி என் பக்கம் நீட்டினான். அந்தப் பெருந்தன்மைதான் எனக்குப் பொறுக்கவில்லை. இவன் போனால் போலீஸ்காரர்களோடு சிரித்துப் பேசிவிட்டு, பெட்டியை அரைகுறையாகப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று வந்துவிடுவான் என்று தோன்றியது. அதோடு, இருக்கப்போவது போலீஸ் பெட்டிச் சத்தம், அதைக் கேட்க நான் எதற்கு உட்கார வேண்டும்?

"வேண்டாம் சார். நான்தான் போவேன்" என்றேன்.

பங்களாவில் சப்-இன்ஸ்பெக்டர் பனியனோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். முகத்தில் பல நாள் தாடி. ஏட்டு ஒருவர் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆன்டெனாவை அந்தப் பக்கம் திருப்பினேன். எங்கள் அலைவரிசையில் கரகரவென்று கேட்டது. எனக்கு உச்சி குளிர்ந்தது.

"சார், கால் மணி நேரம் இந்த வயர்லெஸ்ஸ சுத்தமா நிறுத்தி வைக்கணும்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "இன்னாது? எந்த ஊரும்மா நீ?"

"நைனார்பாளையம்."

"அதான பாத்தேன். கீழ மரத்த வெட்டிப் போட்டுட்டு, மேல வந்து வயர்லெஸ்ஸ நிறுத்தச் சொல்றீங்களா? யாரு அனுப்பினது ஒன்ன?"

நட்சத்திரம், அலைவரிசை, ஆராய்ச்சி என்று என்னென்னவோ சொன்னேன். அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. "சட்டிக்காரங்க சார்" என்று ஏட்டு மெதுவாக எடுத்துக்கொடுத்தும் பலன் இல்லை. நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையோடு உண்மையைச் சொன்னேன்.

"சார், என்கூட வேலை செய்யறவன் ஒருத்தன் இருக்கான். என் டூட்டியில குந்தி ஒண்ணக் கண்டுபுடிச்சிட்டான். அது வானத்துலேர்ந்து வருதுன்றான், நான் ஒங்க பெட்டியிலேர்ந்து வருதுன்றேன். இருக்கறது ஒரே ஒரு நெரந்தர வேல. இத நிறுத்தி அது நின்னுச்சின்னா அவனுக்குக் கெடைக்காது."

சப்-இன்ஸ்பெக்டர் என்னையே பார்த்தார். தாடியைச் சொறிந்தார். "இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னாமா? நட்சத்திரம் அது இதுன்னு ராங்கு பண்ணிக்கினு." ஏட்டிடம் திரும்பினார். "நிறுத்துய்யா. என்கூட சேந்தவன் இன்னிக்கு இன்ஸ்பெக்டரா குந்திக்கினு இருக்கான். எனக்குத் தெரியாதா அந்த எரிச்சல்?"

ஏட்டு பெட்டியை அணைத்து, பேட்டரி ஒயரையும் கழற்றினார். என் காதில் கரகரப்பு நின்றது. மலை மொத்தமும் துடைத்து வைத்த மாதிரி அமைதி. அந்தக் கால் மணி நேரமும் நான் அங்கேயே நின்றேன். அணைத்த பெட்டியை யாரும் தொட்டுவிடாமல் காவல் நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். அப்புறம் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி ஓடினேன். இரண்டு தடவை தடுக்கி விழுந்தேன். சந்தோஷத்தில் வலி தெரியவில்லை.

நிலையத்து வாசலில் மூன்று பேரும் நின்றார்கள். கோதண்டத்தின் கண் கலங்கியிருந்தது. ஒழிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"நின்னுடிச்சா?" என்றேன்.

"இல்ல வசந்தா" என்றான். "வந்துது. நாலு நாளா பின்னால மெலிசா ஒரு கரகரப்பு இருந்துதில்ல, அது திடீர்னு நின்னுடிச்சி. அது நின்னதும் இது மட்டும் தனியா, அப்பிடியே பக்கத்துல நிக்கற மாதிரி வந்துது. இத்தினி நாளும் இப்பிடிக் கேக்கல. நீ நிறுத்தினதுனாலதான்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். சின்னப்பொண்ணு, "ஆமாம்மா, இன்னிக்கு நல்லா கேட்டுது" என்றாள். அவளுக்கு மறுபடியும் காதில் மாட்டிவிட்டிருக்கிறார்கள்.

"என்னால இதப் பொய்யாக்க முடியல சார்" என்று மட்டும் சொன்னேன். சட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, யாருக்கும் கேட்காமல் அழுதேன்.

மறுநாள் மரங்களை எடுத்துவிட்டார்கள். பஸ்களும் லாரிகளும் ஓடத் தொடங்கின, பேனா பழையபடி புதர் புதராகக் கிறுக்கியது. அன்று மத்தியானத்திலிருந்தே சாரைக் கெஞ்சி நாற்காலியைப் பிடித்து, காதுக் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் அது வரவே இல்லை. பல மாதம் அதே இடத்தைப் பார்த்தோம். எங்கேயாவது பந்த், வேலைநிறுத்தம் என்று பேப்பரில் வந்தால் சாருக்குத் தீபாவளி, சட்டியைத் தயார் செய்துவிடுவார். ஒவ்வொரு பந்துக்கும் நாற்காலியில் நான்தான். வானம் சுத்தமாக இருக்கும், காலியாகவும் இருக்கும். டேப்பும் இல்லாமல், திரும்பவும் வராமல் போனதால் வெளியுலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விளக்கம் தெரியாத ஒன்று என்று ஓரத்தில் சேர்த்துவிட்டார்கள். அது என்ன என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

சார் சென்னைக்கு எழுதி அனுப்பியது என் பெயரை. நானே நம்பவில்லை. ஏன் சார் என்று கேட்டதற்குக் கடலை உரித்துக்கொண்டே சொன்னார்: "கோதண்டத்துக்குக் காது நல்ல காது. ஆனா அவன் யாரையும் சந்தேகப்பட மாட்டான். நீ அதைப் பொய்யாக்க எவ்வளவு பாடுபட்டேன்னு பாத்தேன். முடியலன்னதும் முடியலன்னு சொல்லிட்ட. இந்த வேலைக்கு அதுதான் வேணும்."

கோதண்டம் மூட்டை கட்டினான். கோபமாவது பட்டிருக்கலாம், படவில்லை. என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு ஜீப்பில் ஏறினான். ஊருக்குப் போய், பிறகு உளுந்தூர்பேட்டையில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்தான் என்று கேள்விப்பட்டேன்.

நான் அந்த வேலையில் கிழவியானேன். மலையிலிருந்து நிலையம் வேறு ஊருக்கு மாறியபோதும் கூடவே போனேன். யார் என்ன கண்டுபிடித்தாலும் சோதிக்க என்னைத்தான் அனுப்பினார்கள். கல்யாண மண்டபத்துக் கார்டுலெஸ் மைக், விமானத்து ரேடார், யாரோ வைத்த சோலார் வேலி, தலைக்கு மேலே போன செயற்கைக்கோள் என்று எத்தனையோ பேருடைய ஆசையை நான் கொன்றிருக்கிறேன். பிள்ளைகள் எனக்கு எமன் மேடம் என்று பெயர் வைத்திருந்தது தெரியும். நான் கொல்ல முடியாமல் போனது அந்த ஒன்றுதான். நான் கேட்காமல் போனதும் அதுதான்.

ஓய்வு பெற்ற பிறகு கோதண்டத்திடமிருந்து மகள் கல்யாணப் பத்திரிகை வந்தது. களமருதூருக்குப் போனேன். தலை நரைத்து, தொப்பை போட்டு, பட்டு வேட்டியில் ஓடியாடிக்கொண்டிருந்தான். பந்தி முடிந்த பிறகு மண்டபத்துக்குப் பின்பக்கம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். அதுவரை யாரிடமும் கேட்காததை அவனிடம் கேட்டேன்.

"கோதண்டம், அது எப்பிடித்தான்டா இருந்துது?"

"சொல்லத் தெரியல வசந்தா. வூட்டுல எத்தினியோ வாட்டி கேட்டுட்டாங்க. சொல்ல வரல." கையை விரித்துப் பார்த்தான். "ஆனா நீதான் குடுத்து வெச்சவ. நெரந்தர வேல, மாசா மாசம் பென்ஷன், கடைசி நாள்ல மால மரியாத. எனக்கு இன்னா? காயில் கட்டிக் கட்டி வெரலெல்லாம் காய்ச்சிப் போச்சி. கரண்டு இல்லாத நாள்ல கடையில குந்திக்கினு ஒன்ன நெனச்சிப்பேன். பொறாமையா இருக்கும். ஒங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

கோதண்டத்துக்கு என் மேல் பொறாமை! எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"அப்போ மாத்திக்கலாமா?" என்றேன். "என் வேல, பென்ஷன், மால, அத்தனையும் நீ எடுத்துக்கோ. அத மட்டும் எனக்குக் குடுத்துடு."

சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. உள்ளே மகளை மாப்பிள்ளையோடு நிற்க வைத்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ அவனைக் கூப்பிட்டார்கள், அவன் திரும்பவில்லை. விளையாட்டாகக் கேட்ட கேள்விக்கு ஒரு மனுஷன் அவ்வளவு நேரம் யோசிக்க வேண்டியதில்லை.

"மாட்டேன் வசந்தா" என்றான்.

அதற்கு மேல் எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. தாம்பூலப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். உளுந்தூர்பேட்டை போகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக இடம் கிடைத்தது. வழியெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.